ஒரு ஜோடி மாடு, மூன்று கொட்டாய்

ஒரு மயிலைக்காளை கொட்டாய்க்குள் போய்விட்டது. இன்னொன்று தலையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு, உடம்பைத் தெருவிலேயே வைத்துக்கொண்டு நின்றது.

"தள்ளுய்யா!" என்று கத்தினாள் செல்வாம்பாள்.

"தள்ளிக்கிட்டுதான இருக்கேன்! ஆட்டுக்குக் கட்டுன கொட்டாய்டி இது. மாடு எப்பிடி நுழையும்?" என்று பின்னாலிருந்து முனகினான் அவள் புருஷன் மாரியப்பன்.

தெருமுனையில் சைக்கிள் மணி அடித்தது. கூட்டுறவுச் சங்கத்து அதிகாரி சாரம் கிராமத்துக்குள் வந்துவிட்டார்!

ஆடி பிறந்து, மழையும் பெய்து, மண் பதமாகக் கிடந்தது. செல்வாம்பாளின் அரைக்காணியில் போட மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விதைதான் இல்லை. சங்கம் கடன் கொடுத்தால் வாங்கிவிடலாம். இல்லாவிட்டால் பழையபடி மண்டிக்காரரிடம் போய் நிற்க வேண்டும். அவர் விதையைக் கொடுத்துவிட்டு, விளைந்ததையெல்லாம் தாம் சொன்ன விலைக்கு அள்ளிக்கொண்டு போவார். அதிலும் அவர் முதலில் எட்டிப் பார்ப்பது மாட்டுக்கொட்டாயைத்தான். மாடு இருந்தால் ஒரு மரியாதை, இல்லாவிட்டால் ஒரு ஏச்சு. கடன் கொடுக்கிறவர் என்றால் எல்லாரும் அப்படித்தானே என்று தெருவே முடிவு கட்டியிருந்தது, பாவம்.

அதனால்தான் தட்சிணாமூர்த்தி வீட்டு ஜோடியை இரவல் வாங்கி வந்திருந்தாள். அந்தத் தெருவில் மாடு வைத்திருப்பவர் அவர் ஒருத்தர்தான். சும்மா தரவில்லை. அறுவடையில் ஒரு மரக்கால் மல்லாட்டை தருவதாகப் பேச்சு.

"ஹை!" என்று வாலைத் திருகினாள். மாடு ஒரே பாய்ச்சலாக உள்ளே போயிற்று. கூரைக் கீற்றில் ஒரு பிடி அதன் கொம்போடு போயிற்று.

வெள்ளைச் சட்டை அதிகாரி சைக்கிளைச் சாத்தினார்.

"வாங்க முசியே!" பிரெஞ்சுக்காரன் போய் நாலு வருஷம் ஆகியும் பெரிய மனிதர் யாராயிருந்தாலும் சாரத்துக்கு முசியேதான்.

"மாடு உங்களுதாம்மா?"

"எங்களுதுதான் முசியே. பெத்த புள்ள மாதிரி."

"பேரு?"

"லட்சுமி" என்றான் மாரியப்பன்.

செல்வாம்பாள் அவன் காலை மிதித்தாள். "லட்சுமணன் முசியே. அவருக்குப் பாதிதான் வாயில வரும். அது ராமன்."

அதிகாரி தலையாட்டினார். "நல்ல ஜோடி. உங்களுக்கு ஒரு கொறையும் இல்ல."

அந்த வார்த்தையில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மோர் எடுத்து வர உள்ளே ஓடினாள். பின்வேலியில் ஒரு தலை முளைத்தது. அடுத்த வீட்டுக் கோவிந்தசாமி.

"அண்ணி, அடுத்தது என் வீடு. மாட்ட இப்பிடித் தள்ளு."

"இப்பதான்யா பாத்தாரு! கண்டுபுடிச்சிருவாரு!"

"கதவுக்கு வாங்குன நீலப் பெயிண்டு இருக்கு. கொம்புல பூசிக்கறேன். தரலன்னா இங்கிருந்தே கத்துவேன், யாரு மாடுன்னு."

அவன் வாயைத் திறந்தால் விதை போச்சு! மாரியப்பன் கொட்டாயின் பின்பக்கத் தட்டியைப் பிரித்து மாட்டை வெளியேற்ற, செல்வாம்பாள் அதிகாரிக்கு மோருக்கு மேல் மோராக ஊற்றினாள். மூன்றாவது சொம்பில் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

கோவிந்தசாமி வீட்டில் அவர் ஆசையாகக் கொம்பைத் தடவினார். உள்ளங்கை நீலமாயிற்று.

"என்னய்யா இது?"

"வேர்வை முசியே" என்றான் கோவிந்தசாமி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "இந்த சாதி மாட்டுக்கு நீலமாத்தான் வேர்க்கும்."

அதிகாரி சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். சட்டையும் போயிற்று.

அதற்குள் எதிர்வீட்டு அஞ்சலாட்சிக்கு விஷயம் எட்டிவிட்டது. "எனக்கு மட்டும் மாடு வேணாமா? நான் என்ன தெருவுல இல்லியா?" என்று கொடியிலிருந்த சேலையை உதறிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் வாய் இருக்கிறதே! கோவிந்தசாமி அதிகாரியை உள்ளே உட்கார வைத்து அவனும் ஒரு சொம்பு மோர் கொடுத்தான். அதற்குள் மாரியப்பன் மாட்டைத் தெரு தாண்டி எதிர்வீட்டுக் கொட்டாய்க்கு ஓட்டினான். ஈர நீலத்தின்மேல் கோலத்துக்கு வைத்திருந்த காவியைக் கரைத்து அப்பினாள் அஞ்சலாட்சி. கொம்பு அழுகிய கத்திரிக்காய் நிறமாயிற்று.

அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்து வெகுநேரம் பார்த்தார். செல்வாம்பாளுக்கு வேர்த்தது, நீலமாக அல்ல.

"ஏம்மா, இந்தத் தெருவுல எல்லா மாடும் கொம்புல கூரை போட்டுக்கிட்டு நிக்குதே?"

கீற்று! அதை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வெயிலுக்கு முசியே" என்றாள் அஞ்சலாட்சி.

அவர் கொஞ்சம் யோசித்தார். "குடுத்து வச்ச மாடு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளினார். மோர் வயிற்றோடு ஏறி மிதிக்க முடியவில்லை. கடைசி வீடு தட்சிணாமூர்த்தியுடையது. அவரும் கடனுக்குப் பெயர் கொடுத்திருந்தார். அங்கே இவர்கள் ஓட வேண்டியதில்லை. அது மாட்டுக்காரர் வீடே அல்லவா!

மூன்று பேரும் அஞ்சலாட்சி வாசலில் சரிந்து உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"மண்டிக்காரன் மூஞ்சியப் பாக்கணும்டி!" என்று மாரியப்பன் துண்டைச் சுழற்றிக்கொண்டு வந்தான். "வெதய நாளைக்கே ஊற வெச்சிடலாமா?"

"வெதய யாராவது ஊற வெப்பாங்களாய்யா? தோலை உரிக்கணும். மொதல்ல கூரையப் போடு" என்றாள் செல்வாம்பாள். பேசும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக விளைச்சல் தன்னுடையதாக இருக்கப்போகிறது!

தெருக்கோடியிலிருந்து தட்சிணாமூர்த்தியின் பெண்டாட்டி சொர்ணம், முந்தானை காற்றில் பறக்க, மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அடியே செல்வாம்பா, இந்தக் கடனே ஏர்மாடு இல்லாத ஏழைங்களுக்குத்தானாம்டி! எங்க கொட்டாய் காலியாக் கெடக்கறதப் பாத்து, ஐயோ பாவம்னு எங்களுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போறாரு!"