பறவைக்கு அவரைத் தெரியும்

பறவைகளில் எத்தனையோ இனம் உண்டு. நான் சொல்லப்போவது பறவை பார்க்கிறவர்களில் ஓர் இனத்தைப் பற்றி. தங்களுக்குப் பறவைகளைத் தெரியும் என்று சொல்கிறவர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் சாதுக்கள். பறவைகளுக்குத் தன்னைத் தெரியும் என்று சொல்கிறாரே, அவர்தான் நம் ஆள்.

எங்கள் ஏரிக் காப்பகத்தில் இவரை டாக்டர் என்போம். முப்பது வருஷம் பல் பிடுங்கி ஓய்வு பெற்றவர். இப்போது முறைப்படி பயிற்சி எடுத்துக்கொண்டு, வலையில் பிடித்த பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டுகிறார். வேலையில் குறை சொல்ல முடியாது. மாட்டும்போது மட்டும் பறவையிடம், "ஒண்ணும் பண்ணாது, ஒரே நிமிஷம்" என்பார். அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கடைவாய் கூசுகிறது.

போன வருஷம் அவர் வளையம் மாட்டிய நெடுங்கால் உள்ளான் ஒன்று இந்த வருஷம் திரும்பி வந்து, சேற்றுத் திட்டில் நான்கு முட்டைகள் இட்டது. "என்னைப் பாக்கத்தான் வந்திருக்கு" என்று டாக்டர் வீட்டில் சொல்லியிருக்கிறார். "ஏன், அதுக்கும் பல்வலியா?" என்று கேட்டாராம் அவர் மனைவி.

மற்ற கூடுகளையெல்லாம் திடீர் மழை கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது இது ஒன்றுதான். அதனால் காப்பகப் பொறுப்பாளர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மறைவுக் குடிலில் இருந்து தொலைநோக்கியில் பார்க்கலாம், கூட்டருகே வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டே நிமிஷம். தாய் எழுந்துபோனால் வெயிலில் முட்டை வெந்துவிடும்.

ஆனால் விதி என்பது பறவைக்கு அறிமுகமில்லாதவர்களுக்குத்தானே? திங்கட்கிழமை முட்டைகளை எண்ணப் போனார். செவ்வாய்க்கிழமை, எண்ணியது சரிதானா என்று பார்க்கப் போனார். புதன்கிழமை மைத்துனருக்குக் காட்டப் போனார். வியாழக்கிழமை, மைத்துனர் அங்கே மறந்து வைத்த தொப்பியை எடுக்கப் போனார். வெள்ளிக்கிழமை, இத்தனை பேர் வந்துபோனதில் பறவை மிரண்டிருக்குமோ என்ற கவலையில் போனார்.

அவர் சேற்றில் கால் வைத்ததுமே உள்ளான் எழும்பி, தலைக்கு மேல் வட்டமடித்துத் தொண்டை கிழியக் கத்தும்.

"பாத்தியா, எப்படி வரவேற்குதுன்னு" என்றார் மைத்துனரிடம்.

"திட்டற மாதிரி இருக்கு அத்தான்."

"உனக்குப் பழக்கமில்ல. அது பாசம்."

பொறுப்பாளர் அம்மா கேட்டுப் பார்த்தார். "டாக்டர், நேத்தும் போனீங்களா?"

"மத்தவங்க போனாத்தாம்மா அது பயப்படும். என்னைத்தான் அதுக்குத் தெரியுமே."

தெரிந்துதான் இருந்தது. மூன்றாவது வாரம் அவர் போனபோது வரவேற்க யாரும் எழும்பவில்லை. முட்டைகள் நான்கும் வெயிலில் கிடந்தன. குஞ்சு பொரிக்க இன்னும் நாலு நாள்தான் பாக்கி.

டாக்டருக்கும் துக்கம்தான், பொய் சொல்லக்கூடாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கூட்டுப் பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதினார்: "கைவிடப்பட்ட கூடு. காரணம்: மனிதர் தொந்தரவு."

பொறுப்பாளர் அம்மா கரைக்கதவில் தொங்கும் வருகை நோட்டை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்து வைத்தார். உள்ளே போகிறவர், கூட்டிப்போகிற விருந்தாளிக்கும் சேர்த்து, கையெழுத்துப் போட வேண்டிய நோட்டு. இரண்டு வாரத்தில் பதினான்கு கையெழுத்து. பதினான்கும் டாக்டருடையது.

அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"பாருங்கம்மா, நான் தெனம் போய்க் காவல் இருந்திருக்கேன். அப்படியும் எவனோ கையெழுத்துப் போடாம உள்ள போயிருக்கான்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நேற்று மத்தியானம், குழந்தை தூங்கிவிட்டதா என்று பார்க்கக் கதவைத் திறந்து, போர்வையை விலக்கி, முகத்தருகே குனிந்து, "தூங்கிட்டியா?" என்று கேட்டது யார்? அது வீறிட்டு அழுததும் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "என்னைக் காணோம்னுதான் அழுதிருக்கு" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனது யார்?