வாழைத்தாரைப் பழுக்க வைக்காத கார்பைடு

புக்கிட் காத்தில்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள மருமகன் தர்மேந்திரனுக்கு,

உன் தாய்மாமன் மருதமுத்து கோபத்தோடு எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் அத்தை மங்களம், என் மகள் திலகவதி மூவரும் உடம்பளவில் சுகம். மானம் மரியாதை மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. போனில் பேசலாமே என்பாய். போன் என்றால் நடுவில் நீயும் பேசுவாய். அதனால்தான் கடிதம். நீ இப்போது தங்கியிருக்கும் புக்கிட் ரம்பாய்க்கு லோரி ஓட்டும் ஹரிதாஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

போன வியாழக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவன், டேப் சுற்றிய ஒரு கண்ணாடி ஜாடியை என் சமையலறை அலமாரியில் வைத்தாய். உள்ளே கறுப்புப் பொடி. "மாமா, இது மாலிப்டினம் கார்பைடு. சமையல் எண்ணெ பிழிஞ்செடுத்த செம்பனைக் குலைச் சக்கையச் சூடாக்கினா வேற ஒரு எண்ணெ வரும். புளிச்சிப்போயி நாறும், எஞ்சின்ல ஊத்த முடியாது. இந்தப் பொடி அதுல உள்ள ஆக்சிஜனப் பிடுங்கிப் போட்டுரும், அப்புறம் டீசல் மாதிரிதான். பிளாட்டினம் செய்யிற வேலைய இந்தக் கரி செய்யும் மாமா" என்று அரைமணி நேரம் பாடம் நடத்தினாய். எட்டு மாதம் உலையோடு மாரடித்து எடுத்தது, இதை விட்டால் வேறு இல்லை, புதன்கிழமை தொழிற்சாலைக்காரர்கள் முன்னால் ஓட்டிக் காட்டினால்தான் பட்டமும் வேலையும் என்றாய். இவ்வளவும் சொன்ன நீ, இதை வைத்து வாழைக்காயைப் பழுக்க வைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? சொல்லாமல், உடம்பு முடியாமல் கிடக்கும் உன் அம்மாவைப் பார்க்கப் புலாவ் செபாங் போய்விட்டாய். தப்பு யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை திலகவதிக்கு நிச்சயம். வெள்ளிக்கிழமை பசாரில் ஹனிபா கடையில் ரஸ்தாளித் தார் ஒன்று வாங்கினேன். பச்சைப் பசேலென்று இருந்தது. "முந்தியே சொல்லியிருக்கணும்ணே. ரெண்டு நாள்ல பழுக்கணும்னா நான் என்ன ஊதியா பழுக்க வைக்கிறது?" என்றான் ஹனிபா. வீட்டில் உன் அத்தை தாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "இதத் தட்டுல வச்சா சம்பந்தியம்மா கறி வைக்கக் கொண்டுவந்தோம்னு நெனப்பாங்க" என்றாள். எனக்கு மூளை வேலை செய்தது. அதுதான் எப்போதும் பிரச்சினை. எஸ்டேட்டில் இருந்த காலத்தில் கார்பைடு கல்லை வைத்து எத்தனை தார் பழுக்க வைத்தவன் நான்! அதுவோ வெறும் கல்லு, இதுவோ பல்கலைக்கழகத்துப் பொடி. காய்ந்த செம்பனைச் சக்கையையே டீசலாக்குகிற பொடி, ஒரு வாழைக்காயை மஞ்சளாக்காதா?

"அது தம்பி சாமான், கை வைக்காதீங்கலா! அவன் படிச்சது டாக்டர் படிப்பு, நீங்க படிச்சது ஆறாங் கிளாசு" என்று உன் அத்தை கத்தினாள். ஒரே ஒரு கரண்டிதான் எடுத்தேன். பேப்பரில் கொட்டினால் தானாகவே சூடேறி, பேப்பர் ஓரம் கருகிப் புகைகிறது. படித்தவன் வைக்கிற பொருளா இது? தண்ணீர் தெளித்து அணைத்து, அந்தச் சேற்றைத் தார் முழுக்கப் பூசிச் சாக்கில் கட்டி வைத்தேன். ஞாயிறு காலை அவிழ்த்தால், உள்ளே அதே பச்சை, வெளியே லோரி டயர் கறுப்பு. துணியால் துடைத்தோம், தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தோம். துடைக்கத் துடைக்க மினுமினுப்பு ஏறியதே தவிர, கறுப்பு போகவில்லை. ஜாசினிலிருந்து சம்பந்தி வீட்டார் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தட்டில் வைத்தோம். சம்பந்தியம்மா பெரியநாயகி ஆசையாய் ஒரு சீப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே கையால் திலகவதியின் இரண்டு கன்னத்தையும் வழித்துக் கொஞ்சினார். அப்புறம் மாப்பிள்ளை நெற்றியில் திருநீறு வைத்தார். எடுத்த அத்தனை படத்திலும் என் மகளுக்குக் கன்னத்தில் கிருதா மீசை, மாப்பிள்ளைக்கு நெற்றியில் கரிக்கோடு. "இது என்ன, உங்க வீட்டு வழக்கமா?" என்று கேட்டார் சம்பந்தி. ஆமாம், திருஷ்டி கழிக்கிறோம் என்றேன். உடனே அந்த மனுஷன், அப்படியென்றால் எனக்கும் வையுங்கள் என்று முகத்தை நீட்டிவிட்டார். வைத்தேன். என்ன செய்வது?

சாயங்காலம் நீ வருவதற்குள் தாரைக் குளியலறையில் ஒளித்துவிட்டோம். ஆக, தர்மேந்திரா, நான் கேட்பது இதுதான். ஒரு வாழைக்காயிடம் தோற்ற பொடியா எண்ணெயைத் திருத்தப்போகிறது? நாளைக்கு அது வேலை செய்யாமல் போனால் குற்றம் பொடியின் மேல். மாமா ஒரு கரண்டி எடுத்ததால்தான் என்று எவனிடமும் சொல்லாதே.

கோபம் தீரவில்லை, இருந்தாலும் பெரியவன் என்ற முறைக்கு: நீ நல்லா இருக்கணும், உன் உலை அணையாமல் எரியணும். உன் அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
மாமா மருதமுத்து

பி.கு.: ஒரு கரண்டி இல்லைடா தர்மா. ஒரு தாருக்கு ஒரு கரண்டி எப்படிக் காணும்? ஜாடி முழுக்கக் கொட்டிட்டேன். இப்போ உன்கிட்ட இருக்கிறது கோழி சுடுற அடுப்புக் கரி. இடிச்சுச் சலிச்சு டேப் சுத்தினது நான்தான். ஞாயித்துக்கிழமை நீ அத வாங்கிக்கிட்டு என் கால்ல விழுந்தே, ஜெயிச்சு வான்னேன். அதுலேருந்து எனக்குச் சோறு இறங்கல. அத மிஷின்ல போட்டுறாதே. தொழிற்சாலைக்காரங்ககிட்ட இன்னும் நாள் கேளு. நம்பலேன்னா நானே வந்து நின்னு சொல்றேன், சிரிக்கிறவன் சிரிக்கட்டும். ஹரிதாஸ்கிட்ட அந்தத் தார்ல ஒரு சீப்பு கொடுத்திருக்கேன். இன்னிக்குக் காலையில தானாவே பழுத்துருச்சு. தோலை நல்லாக் கழுவிட்டுச் சாப்பிடு. கழுவின தண்ணிய மட்டும் கொட்டிறாதே. உன் எட்டு மாசத்துல மிச்சம் இருக்கிறது அதுலதான்.