என் நாக்குக்கு நாட்டு முட்டை தெரியும்

என் பெயர் சவரிராயன். காரிமங்கலம் பக்கத்தில் கிராம சேவகர். எனக்கென்று ஒரு சைக்கிள் உண்டு, ஒரு மனைவி உண்டு. இரண்டில் சைக்கிள்தான் நான் திருப்புகிற பக்கம் திரும்பும்.

அறுபத்தெட்டாம் வருஷம் மே மாதம் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி முகாம் நடந்தது. கடைசி நாள் ஓர் அதிகாரி பேசினார். "வெள்ளை லெக்கான் கோழி முட்டையைத் தொட மாட்டேங்கறாங்கன்னு ஜனங்களைத் திட்டாதீங்க. தின்னு பார்க்கறதுக்கு முன்னாடியே மனசு முடிவு பண்ணிடுது. பண்ணினது அவங்களுக்கே தெரியாது. உங்களுக்குள்ளேயும் அப்படி ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். போய்த் தேடுங்க" என்றார்.

மேலிடத்து உத்தரவை நான் தட்டுவதில்லை. பஸ்ஸில் தேடினேன். குளிக்கும்போது தேடினேன். மூன்று நாள் தேடியும் எனக்குள் ஒன்றும் அகப்படவில்லை. ஊருக்கெல்லாம் இருப்பது எனக்கு மட்டும் இல்லையே என்று கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. நாலாம் நாள் வெட்கத்தை விட்டு மனைவியிடமே கேட்டேன்.

"ஏ ராஜமேரி, எனக்குத் தெரியாம எனக்குள்ள முன்முடிவு ஏதாச்சும் இருக்குதா?"

"அப்படின்னா?"

"விசாரிக்காமயே ஒண்ணு நல்லது, ஒண்ணு மட்டம்னு முடிவு பண்றது."

"எத்தனை வேணும்ங்க?"

"மாதிரிக்கு ஒண்ணு சொல்லு போதும்."

"முட்டை" என்றாள்.

இங்கே ஒரு விளக்கம். லெக்கான் என்பது சர்க்கார் பரப்புகிற வெள்ளைக் கோழி. மாதிரிக்கு வளர்க்கச் சொல்லி ஆறு கோழிகளை என் வீட்டிலும் விட்டிருந்தார்கள். ஊர் ஊராகப் போய், 'ஓட்டு நிறத்தில் என்ன இருக்கிறது, வெள்ளை முட்டையும் பழுப்பு முட்டையும் ஒரே சத்து' என்று தொண்டை கட்டும்வரை பேசுவேன். வீட்டுக்கு வந்து நாட்டு முட்டை சாப்பிடுவேன்.

"அது முன்முடிவு இல்ல, அனுபவம். என் நாக்குக்கு நாட்டு முட்டை தெரியும். காலையில தின்னேனே, அதுல ஒரு மணம், ஒரு கெட்டி..."

"அது லெக்கான்."

"எது?"

"காலையில தின்னது. நேத்து தின்னது. தவக்காலம் முடிஞ்சதுல இருந்து தின்னது அத்தனையும்."

"ஓடு பழுப்பா இருந்துச்சே. நானே உரிச்சேனே."

"டீத்தூள் தண்ணியில வேகவெச்சா பழுப்பாயிடுதுங்க."

நான் நம்பவில்லை. சோதனை வைக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளிடம் இரண்டு அசல் நாட்டு முட்டை வாங்கினாள். எங்கள் வீட்டு லெக்கான் முட்டை நாலைச் சேர்த்தாள். ஆறையும் அவித்து உரித்து, என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, ஒவ்வொன்றாக ஊட்டினாள். கல்யாணமான புதிதில்கூட இப்படி ஊட்டியதில்லை. ஆறில் நாலைத் தப்பாகச் சொன்னேன்.

"சரியாச் சொன்ன ரெண்டை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"குத்துமதிப்பா."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. அந்த மணம் நிஜமாகவே இருந்ததே! ஒரு மாதமாகத் தினமும் அனுபவித்தேனே! அதைப் போட்டது யார்? எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தது. குமாஸ்தா எழுதிவைப்பார், அதிகாரி படிக்காமல் கையெழுத்துப் போடுவார். என் கண் எழுதியிருக்கிறது, நாக்கு கையெழுத்துப் போட்டிருக்கிறது. இத்தனை வருஷம் எனக்குள் ஓர் ஆபீஸ் நடந்தது எனக்கே தெரியாது.

ருசி கண்டுவிட்டது. "இன்னொண்ணு சொல்லு" என்றேன்.

"செபாஸ்டின்."

செபாஸ்டின் என் தம்பி. வாத்தியார். பென்னாகரத்தில் நர்ஸ் வேலை பார்க்கிற புஷ்பமேரியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன் நான் சம்மதிக்க வேண்டும். ஆறு மாதமாக நான் 'பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பையன் சனிக்கிழமை தவறாமல் வந்து என் முகத்தைப் பார்ப்பான். பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டான்.

"இதுல என்ன முன்முடிவு? பென்னாகரம் போக ரெண்டு பஸ் மாறணும்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"உங்க தங்கச்சியைப் பெங்களூர்ல குடுத்தீங்களே, அங்க நடந்தா போறீங்க?"

"பொண்ணோட அப்பா சத்தமாப் பேசறாரு."

"உங்கப்பா பேசுனா சந்தைக்கே கேக்கும்னு பெருமையாச் சொல்வீங்க."

"நர்ஸ்னா ராத்திரியெல்லாம் டூட்டி..."

"கிருஷ்ணகிரிப் பொண்ணும் நர்ஸுதான். அதைத் தம்பிக்குக் கேக்கறேன்னு நீங்களே சைக்கிளை எடுத்துட்டுப் போனீங்க. அது செவப்பு."

அடுத்த காரணத்துக்காக வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஏங்க, முட்டை கறுத்தா சத்து. பொண்ணு கறுத்தா மட்டும் பஸ் தூரமாயிடுதா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை பஸ்தான் காரணம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பஸ் நேரத்தைக்கூட விசாரித்து எழுதி வைத்திருந்தேன். கண்ணாடியில் போய் என்னைப் பார்த்தேன். நானே கரி பிடித்த களிப்பானை நிறம். வெட்கமாக இருந்தது. செபாஸ்டினின் முகம் ஞாபகம் வந்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் தம்பியின் தோளில் கை போட்டு, "அண்ணனுக்குச் சம்மதம்டா" என்று சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். சைக்கிளில் போகும்போதெல்லாம் குரலைக் கனமாக்கிச் சொல்லிப் பழகினேன். எதிரே வந்த ஒரு ஆள் சைக்கிளை விட்டே இறங்கிவிட்டார்.

வழக்கமாகப் பிரசங்கம் முடிந்ததும் நான் ஒரு பீடிக்காகக் கோவிலுக்கு வெளியே போய்விடுவேன். அறிவிப்புகள் எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்புவேன். அன்றைக்கு மனசு திருந்தியிருந்ததால் உட்கார்ந்தே இருந்தேன். சாமியார் ஒரு காகிதத்தை எடுத்தார். எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பெண் பேரைக் கோவிலில் வாசிப்பார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம். அதற்கு ஓலை என்று பேர்.

"மூன்றாம் ஓலை" என்றார் சாமியார். "மணமகன் செபாஸ்டின். மணமகள் பென்னாகரம் பங்கைச் சேர்ந்த புஷ்பமேரி."

பெண்கள் பக்கம் திரும்பினேன். ராஜமேரி முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டாள். பக்கத்தில் இருந்த இன்னாசி என் கையைக் குலுக்கினார். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "முதல் ரெண்டு ஓலை?"

"நீங்க பீடிக்குப் போயிருந்தீங்க."

"பெரியவன் நான் இருக்கறப்ப யாரு போய்ப் பேசி முடிச்சது?"

"நீங்க முகாமுக்குப் போறதுக்கு முந்தியே நானும் தம்பியும் போனோம். பஸ்ல உக்கார எடம்கூடக் கெடைச்சுது."

"கல்யாணம் என்னைக்கு?"

"இருபத்தொம்பதாந்தேதி, புதங்கிழமை."

மிச்சமிருந்த மரியாதையையாவது காப்பாற்றிக்கொள்ள நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, "எப்படியும் நான் திருந்திச் சரின்னு சொல்லிடுவேன்னு உனக்கு என்மேல நம்பிக்கை இருந்திருக்குது. அதனாலதானே தைரியமா ஓலை குடுத்தே?" என்றேன்.

"இல்லீங்க. நீங்க மாட்டேன்னு சொல்லியிருந்தாலும் அதே புதங்கிழமைதான்" என்றாள்.