அப்பாவைத் தெரியாத கதவு

மதிப்புக்குரிய அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். வாசல் கதவுக்கு மட்டும் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை, இப்போது தேறிவிட்டது. மாமாவின் முழங்கால் வலியும் அவ்வாறே தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

அப்பா வேலை பார்க்கும் பூட்டுக் கம்பெனியிலேயே சேர்ந்த அண்ணன், "இங்க யோசிக்கிறதுக்கே மனு போடணும்" என்று சொல்லி வெளியேறி, நம் முன்னறையில் ஸ்டார்ட்அப் தொடங்கியதும், அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றதும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது, இருவரும் செய்துகொண்டிருந்தது ஒரே பொருள் என்பது. ஆள் பார்த்துத் திறக்கும் கதவு. அப்பா தலைவராக இருக்கும் புதுமைப் பிரிவில் அதற்கென்று பல குழுக்கள். எல்லாம் முடிந்து, பொத்தானின் நிறத்தைப் பற்றி மட்டும் வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் பல்பு என்று எல்லாரும் கூப்பிடும் அவன் கூட்டாளியும் அப்படியில்லை. பழையதை உடைத்தால்தான் புதியது பிறக்கும் என்று எங்கோ படித்தவுடன் நம் வீட்டுப் பூட்டை உடைத்துவிட்டார்கள். புதியது பிறக்கும்வரை துணி துவைக்கும் மெஷினைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அம்மா தூங்கினாள்.

கதவுக்குக் கேமரா வைத்தார்கள். பள்ளி வாசிப்புப் போட்டியில் நான் முதலாவது என்பதால் அது பேசுவதற்கு என் குரலைப் பதிந்தார்கள். வீட்டு ஆட்கள் என்று அம்மாவையும் என்னையும் அதற்குக் காட்டினார்கள். அப்பாவிடம் போய் முகத்தைக் காட்டச் சொல்ல அண்ணனுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அந்நியர் என்றால் எப்படியிருப்பார் என்று கற்றுக்கொடுக்கவும் ஒருவர் வேண்டியிருந்தது. தினமும் தவறாமல் வாசலுக்கு முறைத்துக்கொண்டு வருபவர் அப்பா ஒருவர்தானே. அவர் வரும்போதெல்லாம் பல்பு உள்ளேயிருந்து "அந்நியர்" என்று பதிந்துகொண்டே வந்தான்.

கதவை முழுதாக இயக்கிவிட்ட அன்றைக்கென்று பார்த்து, அப்பா தன் மேலதிகாரி அம்மாளோடு வந்து நின்றார், வீட்டில் மறந்துவிட்டுப் போன மாதிரிப் பொத்தான்களை எடுக்க.

"மன்னிக்கவும். தினமும் வரும் அந்நியரே, தங்களுக்கு இங்கே அனுமதி இல்லை" என்றது கதவு, என் குரலில்.

"நான்தாண்டி, அப்பா."

"தயவுசெய்து சத்தம் போடாமல் செல்லவும்."

திறக்க எழுந்த என் கையை அண்ணன் பிடித்துக்கொண்டான். வெளியே மேலதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை. அவர் வந்து நின்றபோது "புதியவர் ஒருவர் வந்திருக்கிறார்" என்று மட்டும் சொன்னது கதவு. கதவு ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்ப்பதைக் கவனித்தவர், உடனே அப்பாவைக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். பிறகு தன் மழைக்கோட்டை அவர் தலைமேல் போர்த்தி, தெருமுனையிலிருந்து நடந்து வரச் சொன்னார். அப்பாவும் நடந்து வந்தார், பாவம். தினமும் வரும் அந்நியர் மறுபடியும் வந்திருக்கிறார் என்றது கதவு. அதன்பின் அண்ணன் தானே போய்த் திறந்தான்.

"எதைடா வச்சுக் கண்டுபிடிக்குது?" பல மாதங்களுக்குப் பிறகு அப்பா அவனிடம் பேசியது இதுதான்.

"உங்க நடைப்பா. இடது தோள் கொஞ்சம் முன்னாடி வரும். பையைத் தூக்கித் தூக்கி அப்படி ஆயிடுச்சு."

அப்பா தன் தோளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இதையெல்லாம் யாருடா கவனிச்சது?"

"நான்தான்" என்றான் அண்ணன், தரையைப் பார்த்து.

அதற்குமேல் என்ன சொல்ல, அத்தை. இருவரும் கதவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்கள் சாப்பிடக்கூட எழவில்லை, அம்மா தட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்தாள், மேலதிகாரி அம்மாளுக்கும் சேர்த்து. அந்த வாரமே கம்பெனி அண்ணனின் ஸ்டார்ட்அப்பை வாங்கிக்கொண்டது. சின்னது பெரியதைத் தோற்கடித்தது, பெரியது சின்னதைச் சொந்தமாக்கிக்கொண்டது, ஆக நம் வீட்டில் இரண்டு பேரும் ஜெயித்தார்கள். உலக சரித்திரத்தில் இப்படி ஒரு போர் முடிந்ததாக நான் படித்ததில்லை. ஆகவே சமாதானம் பேச நீங்கள் சிரமப்பட்டு வரவேண்டியதில்லை.

மாமாவுக்கும் முழங்காலுக்கும் என் வணக்கங்கள். உங்கள் ஆசிகளைத் தபாலிலேயே அனுப்பிவிடவும்.

உங்கள் அன்பு மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கம்பெனி உத்தரவு வந்துவிட்டது. அண்ணனை அப்பாவின் பிரிவிலேயே, அப்பாவுக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். இன்று காலை அவன் ஒரு புது யோசனை சொன்னான். அப்பா காபியைக் கீழே வைக்காமலே, "மனு கொடு, குழுவுல வைக்கிறேன்" என்றார். பேச்சு மறுபடியும் நின்றுவிட்டது. கிடைக்கிற வண்டியில் ஏறி வாருங்கள். அம்மா உங்கள் படுக்கையை இருவருக்கும் நடுவில் விரித்துவிட்டாள்.