நாலாவது சாவடி

கிட்டார் கைக்கு வந்த உடனே மனைவி இமெல்டாவிடம் முழு உண்மையையும் சொல்லிவிடுவது என்று ஹெக்டர் தீர்மானித்திருந்தார்.

உண்மை ஒன்றும் பெரிதல்ல. லண்டனில் இருக்கும் அண்ணனுக்குக் கடிதம் எழுதியபோது, குசினியில் அடுப்படியில் நின்றபடி இமெல்டா ஒவ்வொரு வரியாகச் சொன்னாள், ஹெக்டர் எழுதினார். "அடுத்த பெட்டியில எனக்கொரு தையல் மெஷின் போட்டு அனுப்பச் சொல்லுங்கோ" என்று அவள் சொன்ன இடத்தில் அவருடைய கை கொஞ்சம் வழி மாறி, "ஒரு எலெக்ட்ரிக் கிட்டார்" என்று எழுதிவிட்டது. மற்ற வரிகளில் ஒரு பிழையும் இல்லை.

கையையும் குறை சொல்ல முடியாது. கொட்டாஞ்சேனைச் சபையில் பன்னிரண்டு வருடமாக ஆராதனைக்கு வாசிப்பவர் ஹெக்டர். அவருடைய பழைய கிட்டார் வயிறு வெடித்து, மூன்று இடத்தில் பிளாஸ்டரோடு இருந்தது. ஆனாலும் தன் வாசிப்பைவிட மற்றவர்களின் வாசிப்பில்தான் அவருக்குப் பக்தி அதிகம். வெளியூர்க் கிட்டார்காரர் யாராவது சபைக்கு வந்தால், ஜெப நேரத்திலும் ஹெக்டரின் ஒரு கண் மூடாது; அது அந்த மனிதரின் இடது கையில் இருக்கும். அவருடைய கலியாண ஆல்பத்தில் பதினொரு படங்களில் மாப்பிள்ளை பெண்ணையும் பார்க்கவில்லை, கமராவையும் பார்க்கவில்லை. பாண்ட் கோஷ்டி இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

தமிழன் ஒருவன் நீளமான கறுப்புப் பெட்டியோடு கொழும்பில் போய்வரக்கூடிய காலமல்ல அது. ஒருகொடவத்தைச் சுங்கக் களஞ்சியத்தில் லண்டன் சாமானை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறி ஐந்து நிமிடம் ஆகவில்லை, முதல் சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள்.

"மொக்கத்த மே?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான் சிப்பாய்.

"கிட்டார், மாத்தயா."

வாசித்துக் காட்டு என்றான். கரண்ட் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார் காதோரம் ரீங்கரிக்கும் நுளம்பு மாதிரித்தான் சத்தம் போட்டது. சிப்பாயின் முகம் இறுகியது. எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டான். வீட்டுக்கு என்றால், எந்த வீடு, அங்கே யார் யார், பொலிஸ் பதிவு எங்கே என்று கேள்விகள் நீளும். ஹெக்டரின் வாய் தானாகவே "பள்ளியட்ட" என்றது. தேவாலயத்துக்கு.

அவ்வளவுதான். சிப்பாயே பெட்டியை மூடிக் கையில் கொடுத்தான். கிராண்ட்பாஸில் இரண்டாவது சாவடி; பள்ளியட்ட. வீட்டு ஒழுங்கை முனையில் மூன்றாவது, பள்ளியட்ட. இத்தனை வருட யுத்தத்தில் இப்படி வேலைசெய்த ஒரு சொல்லை ஹெக்டர் கண்டதில்லை.

நாலாவது சாவடி, கழுத்தில் அளவு நாடாவோடு வீட்டு வாசலில் நின்றது.

"இதென்ன?"

"கிட்டார்."

"ஆருக்கு?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. பழகிய வாய் முந்திக்கொண்டது.

"சபைக்கு. அண்ணன் சபைக்கெண்டு அனுப்பியிருக்கிறார்."

"உங்கட அண்ணனோ? நத்தார்ப் பண்டிகைக்கும் சபைப் பக்கம் வராத மனுசன்."

"லண்டனுக்குப் போனால் ஆக்கள் மாறுவினம்."

"அப்ப என்ர மெஷின்?"

"அடுத்த பெட்டியில வரும். மூண்டு சாவடியிலயும் ஆமிக்காரனுக்கு என்ன சொன்னனான் தெரியுமே? 'இது பள்ளிக்கு' எண்டு. பயப்பிடாமல் சொன்னனான்."

இமெல்டா பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "கர்த்தருடைய காரியம்" என்று வழிவிட்டாள். ஆமிக்காரர்கூட இவ்வளவு இலேசில் விடவில்லை.

சனிக்கிழமை வரைக்கும் கிட்டார் கட்டிலில் படுத்தது. ஹெக்டர் பாயில் படுத்தார். "எப்ப சபைக்குக் குடுக்கிறது?" என்று இமெல்டா கேட்டாள். "பழகினபிறகு." "பழக எவ்வளவு நாள்?" "கிட்டாருக்கு ஒரு ஆயுசு காணாது, இமெல்டா."

"அப்ப நாளைக்கு ஒருக்காக் கொண்டுபோய் வாசிச்சுக் காட்டுங்கோவன். சனம் கேக்கட்டும்."

மனைவியே கேட்கிறாளே என்று ஹெக்டர் நெகிழ்ந்துபோனார்.

மறுநாள் சபையில், சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று பாஸ்டர் கேட்டார். பன்னிரண்டு வருடமாக அந்த நேரத்தில் வாய் திறக்காத இமெல்டா எழுந்தாள்.

"இவற்ற அண்ணன் எங்கட சபைக்கு ஒரு கிட்டார் அனுப்பியிருக்கிறார். என்ர அவர் மூண்டு சாவடியிலயும் ஆமிக்காரனுக்கு முன்னால 'இது பள்ளிக்கு' எண்டு சாட்சி சொல்லிக் கொண்டுவந்தவர்."

சபை "அல்லேலூயா" என்றது. பாஸ்டரின் கண் கலங்கியது. எல்லோரும் கை வைத்துக் கிட்டாரைக் கர்த்தருக்கென்று பிரதிஷ்டை செய்தார்கள். ஜெபம் முடிந்து எல்லாக் கையும் விலகியது. ஒரு கையைப் பாஸ்டரே மெதுவாக எடுத்துவிட வேண்டியிருந்தது. கிட்டார் சபையின் இரும்பு அலுமாரிக்குள் போனது. அதைப் பூட்டிய திறப்பு பாஸ்டரின் சட்டைப்பைக்குள் போனது.

வெறுங்கையோடு ஒழுங்கைக்குத் திரும்பும்போது ஹெக்டர் கேட்டார்: "பழகிறதுக்கு வீட்டை கொண்டு வரலாந்தானே?"

"ஒழுங்கை முனைச் சாவடிக்காரன் கிட்டார் பள்ளிக்குப் போனதைக் கண்டவன். திரும்பி வந்தால் களவெண்டெல்லோ பிடிப்பான்? வியாழக்கிழமை கொயர் பழக்கத்துக்கு எடுத்துத் தருவினம். ஒரு மணித்தியாலம் காணுந்தானே?"

ஹெக்டர் நின்றுவிட்டார். "உனக்கு... தெரியுமே?"

"பெட்டி வர முதலே உங்கட அண்ணி போன் எடுத்தவ. 'என்ன இமெல்டா, தையலை விட்டிட்டுக் கிட்டார் பழகப் போறீரோ' எண்டு கேட்டவ. மெஷின் அடுத்த மாசம் வருது."

வந்தது. அதை எடுக்க இமெல்டாவும் கூடவே போனாள். முதல் சாவடியில் அதே சிப்பாய். மெஷினை மடியில் சுமந்துகொண்டு ஓட்டோவில் இருந்த ஹெக்டரை அவன் அடையாளம் கண்டு சிரித்தான்.

"மேக்கத் பள்ளியட்டத?"

இதுவும் தேவாலயத்துக்கோ என்று கேட்டான். ஹெக்டர் வாய் திறப்பதற்குள் இமெல்டா எட்டிப் பார்த்தாள்.

"நே மாத்தயா. மகே."

இல்லை ஐயா, என்னுடையது. சிப்பாய் தலையாட்டிக் கையைக் காட்டினான். ஓட்டோ நகர்ந்தது.

உண்மையைச் சொன்னாலும் அந்தச் சாவடியால் போகலாம் என்று ஹெக்டருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.