வெள்ளை வேட்டிக் குளிசை

உலகத்தில் அடக்கிக்கொள்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவர்களைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும், ஆகவே விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது அடக்கிக்கொள்ளச் சொல்கிறவர்களைப் பற்றி. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூட்டத்தில் நடு நாற்காலியில் இருப்பார்கள், கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்ற மனம் வராது, எதிரே நிற்பவர் எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் கையை உயர்த்தி, "கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்பார்கள். தங்களுக்கு ஒரு கொசு கடித்தால் மட்டும் ஊரையே கூட்டுவார்கள்.

கொடகவெலப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் இந்த இனத்தின் பிரதிநிதி, கமிட்டித் தலைவர் அழகமுத்து.

எங்கள் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் காலையில் ஏறினால் பின்னேரம் வரை ஒதுங்க ஓர் இடம் கிடையாது. செடிக்குள் குந்தினால் அட்டை, எழுந்தால் எதிரே கங்காணி. இதைப் பார்த்து மனம் நொந்த வெளியூர் நல்லவர்கள் சிலர், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் கட்டிக் கொடுத்தார்கள். டைல் பதித்தார்கள், பெயர்ப்பலகை வைத்தார்கள், பலகையில் தலைவர் பெயரைப் பெரிதாகப் போட்டார்கள், ரிப்பன் வெட்டினார்கள். அன்று பின்னேரமே தலைவர் அதற்குப் பூட்டுப் போட்டார். பின்னே? பெண்கள் பாவித்தால் அழுக்காகிவிடாதா? பெரிய மனிதர்கள் பார்க்க வந்தால் பளிச்சென்று இருக்க வேண்டாமா? சாவி, தலைவர் அன்றாடம் உடுத்தும் சாரத்தின் மேல் கட்டும் அகலமான பச்சைப் பெல்ட்டில் தொங்கியது.

"சாவிய மடுவத்துல மாட்டி வச்சா என்னங்க தலைவரே?" என்று கேட்டாள் கொழுந்தெடுக்கும் கலைச்செல்வி.

"பொம்பளைங்கன்னா கொஞ்சம் அடக்கிக்கத் தெரியணும். எங்கம்மா இதே மலையிலதான் கொழுந்தெடுத்தாங்க. கக்கூஸா கேட்டாங்க?"

கேட்டார்களா இல்லையா என்று தன் அம்மாவிடம் இவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்படியிருக்க, ஐம்பதைத் தாண்டியதும் தலைவரின் மூத்திரப்பை தலைவரின் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. பிரேரணை இல்லை, முன்னறிவித்தல் இல்லை, நினைத்த நேரத்தில் எழுந்து சத்தம் போட்டது. பஸ்ஸில் சிங்களக் கண்டக்டரைப் பார்த்து, "மல்லி, பொட்டக் நவத்தன்ன" என்று கெஞ்சி, ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லி றப்பர் மரத்தின் பின்னே ஓடும் நிலைக்கு வந்துவிட்டார். டாக்டர் குளிசை எழுதிக் கொடுத்தார்.

நோய்களுக்குள்ளும் பெரிய மனிதர் சின்ன மனிதர் உண்டு, தெரியுமா? பிரஷர் கௌரவமானது. சீனி வருத்தம் வசதியானவர்கள் வீட்டுச் சமாச்சாரம். இருதயத்தில் அடைப்பென்றால் கூட்டமே எழுந்து நிற்கும். மூத்திரப்பைக்கு யார் எழுந்து நிற்பார்கள்? ஆகவே தலைவர் வெளியே சொன்னது பிரஷர். கொடகவெலையில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று இரத்தினபுரிக்கே பஸ் ஏறினார். தெரியாமல் குளிசை வாங்குவதற்காக, குளிசை இல்லாமல் போகவே முடியாத ஒரு பயணம்!

அங்கே ஃபார்மசி ஜாபிர் நானா ஊருக்கே கேட்கும் குரலில் சொன்னார்: "ஒவ்வொரு நாளும் போடணும் தலைவர், விட்டு விட்டு போட ஏலா. வாய் காயும். சும்மா நனச்சிக்கோங்க, அதுக்காக தண்ணிய போத்தல் போத்தலா குடிக்க வாணாம்."

"பிரஷர் குளிசைதானே?" என்றார் தலைவர், அதைவிடப் பெரிய குரலில்.

பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். கலைச்செல்வி. ஆஸ்பத்திரிக் கிளினிக்கிலிருந்து வந்திருந்தாள். அவள் கையிலும் அதே குளிசை அட்டை. வருஷக்கணக்காக அடக்கி அடக்கி அவளுக்கு வந்த சீதனம் அது. தலைவர் மேற்கூரையைப் பார்த்தார். தோட்டத்துக்குத் திரும்பிய பிறகும் அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

சரி, குளிசையை ஒழுங்காகப் போட்டாரா? தினமும் குளிசை போடுகிறவன் நோயாளி, தலைவர் எப்படி நோயாளி ஆவார்? வெள்ளை வேட்டி கட்டும் நாளில் மட்டும் போட்டார். கூட்டம், கல்யாணம், கோயில் கமிட்டி, தோட்ட நிர்வாகியான துரையைப் பார்க்கப் போவது. மற்ற நாளில் சாரம், பச்சைப் பெல்ட், வேலியோரம். சலவை வேட்டி, சந்தனப் பொட்டு, குளிசை என்று அதுவும் அலங்காரத்தில் ஒன்றாகிவிட்டது.

பிறகு தோட்டத்துக்குப் புதுத் துரை வந்தார். வரவேற்புக் கூட்டம், மடுவத்தில். புதுத் துரையென்பதால் தலைவர் குளிசையும் இரண்டாகப் போட்டார். வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேச வேண்டுமே! ஒரு போத்தல் தண்ணீர். பொன்னாடை போர்த்தினார், இன்னொரு போத்தல். ஒற்றுமையைப் பற்றிப் பேசினார், ஒரு சோடா. தியாகத்தைப் பற்றி ஆரம்பித்தபோது முகம் மாறியது, ஒரு காலோடு மறு கால் பின்னிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கலைச்செல்வி எழுந்தாள். "தலைவரே, தொரை இருக்கையிலேயே அந்தச் சாவி விஷயத்தைப் பேசிருவோங்க."

"கொஞ்சம் பொறு..." என்றவர் முடிக்கவில்லை. மைக்கை அப்படியே போட்டுவிட்டு மடுவத்தின் பின்பக்கம் பாய்ந்தார். அங்கே கக்கூஸ், அதில் அவர் பெயர், பெயருக்குக் கீழே அவர் போட்ட பூட்டு. கை இடுப்புக்குப் போனது. வேட்டி கட்டிய நாளில் பெல்ட் ஏது? அது மேட்டு லயத்தில், அவர் வீட்டு ஆணியில் தொங்கியது.

பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலைச்செல்விதான் ஓடிவந்தாள். "கொஞ்சம் அடக்கிக்கங்க தலைவரே, இந்தா போய் எடுத்தாறேன்."

கேலியாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் மெய்யான பதற்றத்தோடு சொன்னாள். அந்தத் தவிப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். தலைவரோ வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் மறைந்தார்.

திரும்பி வந்தபோது முழங்காலில் அட்டை, வேட்டியில் இரத்தம். துரை பதறிப்போய், "மொகத தலைவர்? என்ன நடந்தது?" என்றார்.

"பிரஷர் சேர்."

"எங்க எல்லாருக்கும் அதே பிரஷர்தாங்க தொரை," என்றாள் கலைச்செல்வி. "ஆனா சாவி தலைவர்கிட்ட மட்டும்தான் இருக்கு." தமிழில் ஒரு தடவை சொன்னாள், துரைக்கு விளங்கட்டும் என்று சிங்களத்திலும் சொன்னாள். பெண்கள் சிரித்த சிரிப்பில் மடுவத்துத் தகரம் அதிர்ந்தது.

துரை தலைவரைப் பார்த்து, சாவிக்கு உடனே ஒரு வழி பண்ணும்படி சொல்லிவிட்டுப் போனார். தலைவர் பண்ணினார். மறுநாளே டவுனுக்குப் போய் இன்னொரு சாவி வெட்டிக்கொண்டு வந்தார். ஒன்று பெல்ட்டில். மற்றது வேட்டி மடிப்பில். கலைச்செல்வி இன்றும் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல்தான் மலைக்கு ஏறுகிறாள்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. உங்கள் கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே சாமான் எடுத்துக் கொடுக்கிறதே ஒரு பிள்ளை, அது எங்கே போய்வருகிறது? உங்கள் வீட்டுக் குளியலறையைத் தேய்த்துக் கழுவுகிற அம்மா, அதை ஒருநாளாவது பாவித்திருக்கிறாரா? கேட்டதில்லையா? பரவாயில்லை, குளிசை ஏதும் போடுகிறீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. இடுப்பை மட்டும் ஒருதரம் தடவிப் பாருங்கள். சாவி தட்டுப்படும்.