இரண்டு இடது கால் ஷூவும் என் காரும்

காலை ஏழு மணி, இரண்டு ஷூ, இஸ்மாயில் பாய். மூன்றும் ஒன்றாக என் வாசலுக்கு வந்தன.

ஷூ இரண்டுமே இடது காலுக்கு. சாம்பிள் என்றால் ஆம்பூரில் அப்படித்தான். ஒரு மாடலுக்கு ஒரு கால் தைத்தால் போதும். அந்த இரண்டையும் பதினொரு மணிக்குள் காட்பாடி லாட்ஜில் தங்கியிருக்கும் ஏஜென்ட் கையில் சேர்க்க வேண்டும். மத்தியான ரயிலில் அவர் சென்னை திரும்புகிறார். அவர் தலையாட்டினால் பாய் பட்டறைக்கு ஆர்டர். இல்லையென்றால், மாதக்கணக்காகச் சும்மா கிடக்கும் தையல் மெஷின்களை விற்க வேண்டியதுதான்.

"பஸ்ல போறேன் சார். துவா பண்ணுங்க" என்றார் பாய். பக்கத்து வீட்டுக்காரர், சொல்லிவிட்டுப் போக வந்தவர்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"மழையில சாம்பிளைத் தூக்கிட்டு பஸ்ல போவீங்களா? கார் எதுக்கு இருக்கு?"

கார் எதற்கு இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக விடை தெரியாத கேள்வி. பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் வெளியே போவதில்லை, அதுவும் போவதில்லை. கவரை உருவினேன். அடியிலிருந்து ஒரு பூனை எழுந்து வந்து, மழையைப் பார்த்து, என்னை முறைத்துவிட்டுப் போனது.

பாய் முன்சீட்டில் உட்கார்ந்து, ஷூ டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். பிஸ்மில்லா சொன்னார். சாவியைத் திருப்பினேன்.

டிக்.

மறுபடி திருப்பினேன். டிக். டிக்.

"செல்ஃப் எடுக்கல" என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி.

வாசலிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "பஸ்ல போயிருந்தா இந்நேரம் மாதனூர் தாண்டியிருக்கலாம்!"

"ரெண்டு நிமிஷம் பாபி!" என்றார் பாய். என் மனைவி அவருக்கு அண்ணி முறை.

பானெட்டைத் திறந்தோம். பேட்டரி முனையில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அதைப் பிடிக்க வேண்டிய கிளாம்ப் மோதிரம் மாதிரி லொடலொடவென்று ஆடியது. பாய் முகம் மலர்ந்தது.

"இவ்ளோதானா? லூசு சார்! கிளாம்ப் பெருசு, முனை சிறுசு. நடுவுல ஒன்னு குடுத்தா டைட்டாயிடும்."

ஷூ வேலை செய்பவர் சட்டைப் பையில் தோல் துண்டு இல்லாமல் இருக்காது. ஒன்றை எடுத்தார். பட்டையாக நறுக்கி, ஓரம் சீவி, பேட்டரி முனையைச் சுற்றி அழகாகப் போர்த்தினார். அதன் மேல் கிளாம்பை மாட்டி முறுக்கினார். நான் டார்ச் அடித்தேன்.

"அசைச்சுப் பாருங்க."

அசைத்தேன். மலை மாதிரி நின்றது.

"ஃபுல் கிரெய்ன் தோல் சார். பத்து வருஷம் தாங்கும்."

சாவியைத் திருப்பினேன். டிக் சத்தமும் இல்லை. டாஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்த விளக்கும் இல்லை.

"பாத்தீங்களா, சத்தம் நின்னுடுச்சு!" என்றார் பாய். எனக்கும் அது முன்னேற்றமாகவே பட்டது.

"இனிமே ஒரு தள்ளு தள்ளினா போதும்" என்றேன்.

இரண்டு பேருமாகத் தெருவுக்குத் தள்ளிவிட்டோம். எங்கள் தெருவின் இரண்டு பக்கமும் சாக்கடை. நடுவில் ஒரு வண்டி நின்றால் இன்னொரு வண்டிக்கு இடம் கிடையாது. அந்த நேரம் பார்த்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனி பஸ் பின்னால் வந்து நின்றது.

ஹாரன். இன்னொரு ஹாரன். பிறகு டிரைவர் தலை. "இன்னா சார் இது! ஷெட்டுன்னு நெனச்சிட்டீங்களா ரோட்டை?"

ஜன்னலிலிருந்து எங்கள் தெரு செல்வி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, லேட்டானா எங்களுக்கு அரை நாள் சம்பளம் கட்டு!" சொன்ன கையோடு அவளே இறங்கினாள். பின்னாலேயே இருபது பெண்கள் இறங்கினார்கள்.

"பாய், நீங்க உக்காருங்க. ஷூ நனையப் போவுது. அண்ணே, நீங்க ஸ்டீரிங்க மட்டும் பிடிங்க. வேற எதையும் தொடாதீங்க!"

தள்ளினார்கள். கார் பறந்தது. இரண்டாவது கியரில் கிளட்சை விட்டேன். குலுங்கி நின்றது.

"அண்ணே, பிரேக்க அமுக்கறீங்களா?"

"இல்லம்மா."

"பின்ன இன்னாத்ததான் அமுக்கறீங்க?"

ஒரே சிரிப்பு. மறுபடி தள்ளல், மறுபடி குலுக்கல். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பாய் டப்பாவைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டார். இப்படியே தெரு முடிந்து ஹைவே வந்துவிட்டது. காரை ஓரங்கட்டியதும் கம்பெனி பஸ்ஸுக்கு வழி கிடைத்தது.

"நாளைக்கும் வேணும்னா சொல்லுங்கண்ணே, இதே டைமுக்கு வருவோம்!" என்று செல்வி கத்திக்கொண்டே போனாள்.

நாங்கள் நின்ற இடம் பஸ் ஸ்டாப்பிங். இரண்டு நிமிஷத்தில் வேலூர் பஸ் வந்து எங்கள் முதுகில் முட்டாத குறையாக நின்றது.

"எவன்யா ஸ்டாப்பிங்ல காரை விட்டது? வேலூர், வேலூர், காட்பாடி!"

பாய் என்னைப் பார்த்தார். நான் பஸ்ஸைப் பார்த்தேன். அவர் டப்பாவோடு பாய்ந்து ஏறிவிட்டார். ஆக, என் கார் ஒரு பயணியைப் பத்திரமாக பஸ்ஸில் ஏற்றிவிட்டது.

அரை மணி கழித்து மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறந்தவர் குனிந்தார். இன்னும் குனிந்தார்.

"இது இன்னா சார்?"

"கிளாம்ப் லூசா இருந்துச்சு. பாய் டைட் பண்ணார்."

"நல்லா டைட் பண்ணியிருக்கார் சார். கரண்ட் கூட உள்ள நுழைய முடியாது."

தோலை உருவிவிட்டு கிளாம்பை நெருக்கி முறுக்கினார். டிக் சத்தம் திரும்பி வந்தது. அவ்வளவுதான் வந்தது. "பேட்டரியே செத்துப்போச்சு சார். இந்த சைஸ் இங்க ஸ்டாக் இல்ல, வேலூர்லதான் கெடைக்கும்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"தோல்ல கரண்ட் போகாதுன்னு பாய்க்குத் தெரியாது, சரி. அவர் அதைச் சுத்தும்போது நீங்க இன்னா பண்ணிட்டிருந்தீங்க?"

"டார்ச் அடிச்சிட்டிருந்தேன்."

பாய் காட்பாடியிலிருந்து போன் செய்தார். பெட்டியோடு லாட்ஜ் படி இறங்கிய ஏஜென்டை அங்கேயே மடக்கி, படியிலேயே டப்பாவைத் திறந்து காட்டியிருக்கிறார். இடது கால் இரண்டையும் வளைத்துப் பார்த்துவிட்டு அவர் தலையாட்டினாராம்.

அடுத்த திங்கட்கிழமை பாய் பட்டறையில் மெஷின் ஓடத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை பேட்டரி வாங்க நான் வேலூர் போனேன், பஸ்ஸில்.